மரண உதவிச் சங்கத்துக்குக் கொடி வேண்டாம்

(ஹட்டனில் தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடைபெற்ற ஒருநாள் பயிற்சி வகுப்பில், எமது சங்கத்தின் ஓய்வுபெற்ற மாவட்டப் பிரதிநிதி ஆற்றிய உரை. சற்றுச் சுருக்கித் தருகிறோம்.)



விடியற்காலை மழையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் உங்களுக்குத் துணி துவைக்கவும் விறகு கொண்டு வரவும் பிள்ளையின் பாடக் கொப்பியைப் பார்க்கவும் கிடைக்கிற ஒரே நாள். அந்த நாளைச் செலவழித்து வந்தவர்களிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் வேறு எதையோ பேச வந்திருக்கிறேன் என்றால் சிலருக்குக் கோபம் வரும். சம்பளத்தைப் பற்றிப் பிற்பகல் பேசுவார்கள். எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, தோட்டத்தில் இருக்கும் சின்னச் சின்னச் சங்கங்களும் அவற்றுக்கு நாம் செய்ய வேண்டிய உதவியும்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் டிவிசனில் மரண உதவிச் சங்கம் இருக்கிறதா? இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். நல்லது, ஏறக்குறைய எல்லோரும் தூக்கிவிட்டீர்கள். இரண்டாவது கேள்வி. போன வருடத்தில் ஒரு தடவையாவது அந்தச் சங்கத்தின் கணக்கை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருந்தால் மட்டும் கையைத் தூக்குங்கள். ம். பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. மூன்றாவது, அந்தப் பணம் சங்கத்தின் பெயரில் வங்கியில் இருக்கிறதா, அல்லது யாரோ ஒருவருடைய காம்பராவில் பெட்டிக்குள் இருக்கிறதா? இதற்குக் கையைத் தூக்க வேண்டாம். எனக்குப் பதில் தெரியும்.

மரண உதவிச் சங்கம், கோயில் கமிட்டி, இளைஞர் கழகம், வாசிகசாலை, மாதர் சங்கம், சீட்டுப் பிடிக்கிற பெண்களின் கூட்டம். இவை எல்லாம் அரசாங்கம் போட்டுத் தந்தவையல்ல. துரை போட்டுத் தந்தவையும் அல்ல. நாமே வைத்துக்கொண்டவை. ஏன் வைத்துக்கொண்டோம் என்பதை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் தாத்தா பெரிய கங்காணி காலத்து ஆள். அந்தக் காலத்தில் லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பெட்டிக்கும் கோடித் துணிக்கும் கங்காணியிடம்தான் போய் நிற்க வேண்டும். கங்காணி கொடுப்பார். கொடுத்தது கடன் கணக்கில் ஏறும். கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது, ஏனென்றால் கடனைக் காட்டுகிற துண்டு இருந்தது. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் கடன் நிற்கவில்லை, ஆள் மாறியது அவ்வளவுதான். செத்தவருக்குச் செலவழித்த கடனை உயிரோடு இருப்பவர் கொழுந்து பறித்துக் கட்டினார். அதற்குப் பயந்துதான் நம்முடைய ஆட்கள் ஆளுக்குச் சில சதம் போட்டு ஒரு பொதுப் பணத்தைச் சேர்த்தார்கள் என்று தாத்தா சொல்வார்.

பக்கத்துக் கிராமத்தில் வீதி போடவும் கிணறு வெட்டவும் அரசாங்கத்தின் கை இருந்தது. நமக்கு 1948இல் குடியுரிமை போயிற்று. அதோடு வாக்கும் போயிற்று. அது முழுதாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை போக வேண்டியிருந்தது. வாக்கு வந்த பிறகும் பிரதேச சபையின் பணம் தோட்டத்துக்குள் வரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. தோட்டம் தனியார் இடம் என்றார்கள். வாக்குக் கேட்க மட்டும் உள்ளே வருவார்கள், பாதை உடைந்தால் துரையிடம் கேளுங்கள் என்பார்கள். அந்தப் பிரிவை 2018இல்தான் திருத்தினார்கள். இத்தனை காலமும் தோட்டத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் கூரை பறந்தாலும் முதலில் ஓடிவந்தது இந்தச் சின்னச் சங்கங்கள்தான்.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றிய விஷயம். இதை மேடையில் சொல்ல வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கு வந்திருக்கவே தேவையில்லை.

1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு ஓரிரண்டு வருடம் கழித்து எங்கள் டிவிசனில் நான் தலைவரானேன். வயது இருபத்தாறு. பேச்சு வரும், கோபமும் வரும். எங்கள் டிவிசனில் ஏறக்குறைய 120 குடும்பம், மூன்று தொழிற்சங்கம். மரண உதவிச் சங்கம் மட்டும் ஒன்றுதான். அது என் அப்பா காலத்தில் ஆரம்பித்தது. அதற்குத் தலைவராக இருந்தவர் வேறு தொழிற்சங்கத்துக்காரர், வயதானவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். சாவு வீட்டில் அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்துவார். பெட்டி வரும், பந்தலுக்குத் தகரம் வரும், தேநீருக்குச் சீனி வரும். சனங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். இப்படியே போனால் அடுத்த அங்கத்துவக் கணக்கெடுப்பில் நம்முடைய ஆட்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயத்தைச் செய்துகொண்டேன்.

ஒரு நாள் பிரட்டுக்களத்தில் சொல்லிவிட்டேன், "நம்ம ஆட்கள் எல்லாம் அந்தச் சங்கத்தில் இருந்து விலகுங்கள், நாம் தனியாக ஒன்று வைப்போம்" என்று. அறுபது குடும்பம் என்னோடு வந்தது. புதுக் கொப்பி வாங்கினோம். அட்டையில் நம்முடைய கொடியை ஒட்டினோம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். இன்றைய காசில் சொல்கிறேன். 120 குடும்பமும் ஒரு சாவுக்கு 300 ரூபாய் கொடுத்தால் 36,000 ரூபாய். பெட்டிக்கும் சில்லறைச் செலவுக்கும் ஓரளவு தாங்கும். அறுபதாகப் பிரிந்தால் 18,000. அதே பெட்டி, அதே தகரம், அதே சீனி, பணம் மட்டும் பாதி. சரி, ஆளுக்கு 600 ஆக்கலாம் என்றால் வசதியில்லாத குடும்பம் முதலில் நிற்கும். அது மட்டுமா? சாவு மாதத்துக்கு ஒன்று என்று வரிசையில் வராது. பனிக்காலத்தில் ஒரே மாதத்தில் மூன்று விழும், பிறகு ஐந்து மாதம் ஒன்றும் இருக்காது. பெரிய கூட்டம் அதைத் தாங்கும். சின்னக் கூட்டம் இரண்டாவது சாவில் படுத்துவிடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. ஒரு வருடத்துக்குள் எங்கள் பெட்டியிலும் காசில்லை, மாமாவின் பெட்டியிலும் காசில்லை.

அந்த நேரத்தில்தான் ஆயம்மா இறந்தார். பிள்ளைக் காம்பராவில் இருபது வருடத்துக்கு மேல் ஆயாவாக இருந்தவர். என் அம்மா மலைக்குப் போகும்போது என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர் அவர்தான். வேலையில் இருந்து விலகி, தனியாகப் பணிய லயத்தில் இருந்தார். மகன் கொழும்பில் ஒரு கடையில். செக்ரோலில் பெயர் இல்லை, அதனால் எந்தத் தொழிற்சங்கத்திலும் அங்கத்தவர் இல்லை. பழைய சங்கத்தில் இருந்தவரை வேலையில் இல்லாத வயோதிபர்களுக்கும் உண்டு என்றுதான் வழக்கம். பிரிந்தபோது அவரை எந்தக் கொப்பியிலும் யாரும் எழுதவில்லை. மாமாவின் ஆட்கள் அவர் உங்கள் பக்கம் என்று நினைத்தார்கள், நாங்கள் அவர் உங்கள் பக்கம் என்று நினைத்தோம்.

மகன் இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தான். என்னிடம் வந்து நின்றான். நான் கொப்பியைத் திறந்து பார்த்தேன். பெயர் இல்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. போய் மனைவியின் தோட்டை அடகுக் கடையில் வைத்துப் பெட்டி வாங்கினான். அந்தப் பெட்டிக்கு நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். லயத்துப் பெண்கள் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் அம்மாவும்தான்.

இரண்டு சங்கத்தையும் திரும்ப ஒன்றாக்கியது நானும் இல்லை, மாமாவும் இல்லை. பெண்கள். கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும்போது பேசி முடிவெடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். மூன்று விஷயம் சொன்னார்கள். கொப்பியில் எந்தக் கொடியும் இருக்கக் கூடாது. தலைவர் ஒரு தொழிற்சங்கம் என்றால் பொருளாளர் வேறு தொழிற்சங்கம், செயலாளர் ஒரு பெண். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் கணக்கு வாசிக்க வேண்டும், ஒரு மாதம் வாசிக்காவிட்டால் அடுத்த மாதம் யாரும் காசு தரமாட்டோம். அன்றைக்கு நான் தலையாட்டியது விருப்பத்தினால் என்று சொன்னால் பொய். வேறு வழியில்லாமல் ஆட்டினேன். அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

இதை வைத்துத்தான் உங்களிடம் கேட்கிறேன். தொழிற்சங்கம் சம்பளத்துக்கும் உரிமைக்கும் போராடுகிற அமைப்பு. அதற்குள் போட்டி இருக்கும், இருக்கட்டும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கொடுப்பது என்பது தொழிலாளியின் உரிமை. ஆனால் பிணத்தைத் தூக்குவதற்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்கும் தண்ணீர்க் குழாயைப் பழுது பார்ப்பதற்கும் நீ எந்தச் சங்கம் என்று கேட்கிற தலைவர் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார். சில பேர் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். நான் இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

சரி, உதவி என்றால் என்ன உதவி? காசு என்று நினைக்காதீர்கள். இந்தச் சங்கங்களுக்கு முதலில் வேண்டியது கொப்பி எழுதத் தெரிந்த ஒரு ஆள்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் கோயில் கமிட்டிக்குப் பொருளாளராக ஒருவர் இருந்தார். ஸ்டோரில் வேலை. ஒரு சதம் எடுக்கமாட்டார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். திருவிழாவுக்கு வசூலித்தார், செலவழித்தார், எல்லாம் மனக்கணக்கு. சாமான் வாங்கிய பற்றுச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார், சட்டையைத் துவைத்தார்கள், போயிற்று. திருவிழா முடிந்து கணக்குக் கேட்டார்கள். சில ஆயிரம் ரூபாய் இடித்தது. அவர் தன் கைக்காசைப் போட்டு நிரப்பினார். அதைப் பார்த்த சனம், பார்த்தீர்களா, எடுத்திருந்ததால்தானே திருப்பி வைக்கிறான் என்றது. அவர் குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அங்கே யாரும் பொருளாளராக முன்வரவில்லை, மூன்று வருடம் திருவிழா நடக்கவில்லை. ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் இருந்திருந்தால் ஒரு நல்ல மனிதர் ஊரில் இருந்திருப்பார்.

ஆகவே ஒரு சீ.ஆர். கொப்பி, கார்பன் வைத்து எழுதுகிற பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று, கூட்டத்தில் பேசியதை எழுத ஒரு கொப்பி. இவ்வளவும் வாங்கப் பெரிய காசு தேவையில்லை. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, மாத முடிவில் கையில் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு. நம்முடைய மாவட்டக் காரியாலயத்தில் சந்தாக் கணக்குப் பார்க்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு ஞாயிறு தோட்டத்துக்கு வந்து உட்கார்ந்து சொல்லித் தரலாம். ஏ.எல். படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள், அவர்களையும் உட்கார வையுங்கள். வங்கிக் கணக்கைத் தனி ஆளின் பெயரில் திறக்காதீர்கள். சங்கத்தின் பெயரில், மூன்று பேர் கையெழுத்துப் பதிந்து, எப்போதும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று திறவுங்கள்.

சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்க வங்கி கேட்பது யாப்பும், கூட்டத்தில் எடுத்த தீர்மானமும், பதிவுச் சான்றிதழும். யாப்பு என்றால் பயப்பட வேண்டாம். சங்கத்தின் பெயர் என்ன, யார் சேரலாம், எவ்வளவு கட்ட வேண்டும், எதற்குக் கொடுப்போம், நிர்வாகத்தை எப்படித் தெரிவு செய்வோம், சங்கம் கலைந்தால் பணம் யாருக்கு. இரண்டு பக்கத்தில் எழுதிவிடலாம். பதிவுக்குப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்ய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுங்கள். தமிழும் அரச கரும மொழி. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகங்கள் இரு மொழியிலும் நிர்வாகம் நடத்த வேண்டியவை. படிவம் சிங்களத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் பேசாமல் வந்துவிடாதீர்கள். யார், எந்தத் தேதியில் அப்படிச் சொன்னார் என்று குறித்துக்கொண்டு நமது காரியாலயத்துக்கு வாருங்கள். அங்கேதான் தொழிற்சங்கம் முன்னால் நிற்க வேண்டும்.

பதிவு எதற்கு, எங்கள் பாட்டன் காலத்தில் இருந்து பதிவில்லாமல்தானே நடக்கிறது என்று ஒரு தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. சாவுக்குப் பெட்டி வாங்கப் பதிவு தேவையில்லைதான். ஆனால் பிரதேச சபை இப்போது தோட்டத்துக்குள் வேலை செய்யலாம். அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகளைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்துவிட்டன. அங்கே போய்ப் படிக்கட்டுக்கும் மின்விளக்குக்கும் சனசமூக நிலையத்துக்கும் கேட்கும்போது, ஒரு ஆள் கேட்பதற்கும் பதிவு செய்த சங்கம் கடிதத் தலைப்பில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தனி ஆளின் கடிதம் காணாமல் போகும். சங்கத்தின் கடிதத்துக்கு ஒரு பிரதி நம் கையில் இருக்கும், அடுத்த கூட்டத்தில் அதை வைத்துக் கேட்கலாம்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கோயிலும் வாசிகசாலையும் விளையாட்டு மைதானமும் நிற்பது அரசாங்கத்தின் நிலம், கம்பனிக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தது. துரை வாய்வார்த்தையாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்பார், அடுத்த துரை வந்து யாரைக் கேட்டுக் கட்டினீர்கள் என்பார். எதைக் கட்டுவதானாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அந்தக் கடிதத்தை வாங்கித் தருவது தொழிற்சங்கப் பிரதிநிதியின் வேலை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம்முடைய சங்கங்களின் அடித்தளம் செக்ரோல். கோயில் காசும் மரணக் காசும் சம்பளத்தில் வெட்டி வரும். அது வசதியாக இருந்தது. ஆனால் இன்றைக்கு ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் செக்ரோலில் இருக்கிறார்கள்? தாய் ஒருவர் இருப்பார். தகப்பன் வெளியில் கூலி வேலை, மூத்தவன் கொழும்பில், மகள் ஆடைத் தொழிற்சாலையில். இன்னும் சில தோட்டங்களில் மலையைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், அங்கே செக்ரோலே ஒழிந்துபோகிறது. செக்ரோலோடு கட்டிய சங்கம் செக்ரோலோடு விழும். ஆயம்மாவுக்கு நடந்தது இனி பாதி லயத்துக்கு நடக்கும்.

அதனால் அங்கத்துவத்தைக் குடும்பக் கணக்கில் வையுங்கள். லயத்தில் அடுப்பு எரிகிற ஒவ்வொரு வீடும் அங்கத்தவர். வேலையில் இருந்து விலகியவர், நோயாளி, கணவனை இழந்து தனியாக இருக்கிற பெண், வெளியில் வேலை செய்து இங்கே குடியிருப்பவர் எல்லோரும் சேர்த்தி. கட்ட முடியாத வயோதிபரை விலக்கி எழுதும்படி யாப்பில் ஒரு வரி வையுங்கள், பணம் கட்டாவிட்டாலும் அவருக்கு உரிமை உண்டு என்று. கொழும்பில் இருக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள். தீபாவளிக்கு வரும்போது வருடக் காசை ஒரேயடியாகக் கட்டிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் இங்கே அப்பா அம்மா இருக்கிறார்கள். சாதி பார்த்து அங்கத்துவம் கொடுக்கிற சங்கங்களும் இன்னும் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். சாவு வீட்டில் தப்படிக்க மட்டும் கூப்பிட்டு, நிர்வாகத்தில் நாற்காலி கொடுக்காத சங்கங்கள். அப்படிப்பட்ட சங்கத்துக்குப் பதிவுக்கோ கடிதத்துக்கோ நம்முடைய தொழிற்சங்கம் உதவக் கூடாது என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாதவர்கள் பிறகு வந்து பேசலாம்.

குடும்பக் கணக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். வெளியேறச் சொன்னார்கள், போய்க் குடியிருக்க இடம் யார் கொடுத்தார்கள்? அது வேறு பேச்சு. அந்த அனர்த்தத்துக்குப் பிறகு எத்தனை பேர் மண்ணுக்குள் இருக்கிறார்கள் என்ற கணக்கு நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு குறைத்தார்கள். எந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர்தான் இருந்தார், பல இடங்களில் அவரும் இல்லை.

நம்முடைய தோட்டங்களிலும் மலைக்குக் கீழே லயங்கள் இருக்கின்றன, மழை பெய்தால் தூங்காத குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் மரண உதவிச் சங்கத்தின் கொப்பியில் லயம் இலக்கம், காம்பரா இலக்கம், குடும்பத்தில் எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை, நடக்க முடியாதவர் உண்டா என்று எழுதி வைத்திருந்தால், நிவாரணம் வருகிற அன்றைக்கும் தேடுகிற அன்றைக்கும் அது உதவும். ஒரு பிரதியைத் தோட்டத்துக்கு வெளியில் வையுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் ஒன்று, நமது காரியாலயத்தில் ஒன்று. கொப்பியும் அதே லயத்தில் புதைந்துபோனால் பிரயோசனம் இல்லை.

வெளியில் இருந்து வருகிற தொண்டு நிறுவனங்களைப் பற்றிக் கேட்பீர்கள். வரட்டும், நல்லது செய்தவர்கள் நிறைய. நான் குறை சொல்வது ஒரே ஒரு பழக்கத்தை. ஒவ்வொரு நிறுவனமும் வந்து ஒவ்வொரு புதுக் குழு அமைக்கும். ஒன்று சேமிப்புக் குழு, மற்றது சுகாதாரக் குழு, இன்னொன்று போஷாக்குக் குழு. மூன்றிலும் அதே பதினைந்து பெண்கள். திட்டம் மூன்று வருடம், முடிந்ததும் வாகனம் போய்விடும், சுவரில் பலகை இருக்கும். அடுத்த முறை யாராவது வந்தால், எங்களிடம் ஏற்கனவே சங்கம் இருக்கிறது, பதிவு இருக்கிறது, கணக்கு இருக்கிறது, அதோடு சேர்ந்து வேலை செய்யுங்கள் என்று சொல்லுங்கள். சொல்வதற்குச் சங்கம் நிஜமாக இருக்க வேண்டும், அதுதான் சங்கடம்.

கடன் கம்பனிகள் வருகிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற பெண்களை எல்லோருக்கும் தெரியும். அதற்கும் பழைய வழி ஒன்று இருக்கிறது. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இந்த நாட்டின் கிராமங்களில் நூறு வருடத்துக்கு மேலாக இருப்பவை. தாங்களே சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, வட்டியும் தங்களுக்கே. சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நமது பெண்களுக்கு இது புதிய வித்தை இல்லை. ஆனால் இதைப் பற்றி மாதர் தலைவி ஒருவர் தனியாகப் பேசவிருக்கிறார், நான் அவருடைய நேரத்தை எடுக்கவில்லை.

பெண்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கும் மரணத்துக்கும் சம்பளத்தில் வெட்டுப்படுகிற காசில் பெரும்பகுதி கொழுந்து பறிக்கிற பெண்ணுடையது. நிர்வாகக் குழுவைப் பார்த்தால் வேட்டியும் காற்சட்டையுமாக இருக்கிறது. கூட்டம் மாலை ஐந்து மணிக்கு வைக்கிறீர்கள். அந்த நேரம் அவர் மலையில் இருந்து வந்து அடுப்பை மூட்டுகிற நேரம். பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று பிறகு முறையிடுகிறீர்கள். கூட்டத்தை ஞாயிறு காலையில் வையுங்கள், வரவில்லை என்றால் அப்போது பேசலாம்.

கடைசியாக, நாம் செய்யக் கூடாதது. உதவி செய்யப் போகிற இடத்தில் நிர்வாகத்தில் குந்திக்கொள்ளக் கூடாது. தோட்டத் தலைவர் மரண உதவிச் சங்கத்தில் அங்கத்தவராக இருக்கட்டும், ஒரு குடும்பத்தலைவராக. தலைவர் பதவியும் பொருளாளர் பதவியும் வேண்டாம். அடுத்த தேர்தலில் எந்தக் கட்சி மேடைக்கும் அந்தச் சங்கத்தின் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. கொடி ஏற்ற நமக்கு வேறு இடம் இருக்கிறது.

இந்தப் பயிற்சி வகுப்புக்காக மாதிரி யாப்பு ஒன்றைத் தமிழில் தட்டெழுதி வைத்திருக்கிறோம், குடும்பப் பதிவுக்கு ஒரு படிவமும் இருக்கிறது. இரண்டும் முன்னால் மேசையில். மற்றத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் கொடுக்க ஆளுக்கு மூன்று பிரதி எடுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் டிவிசனின் கொப்பியை, எந்த நிலையில் இருந்தாலும், எடுத்துக்கொண்டு வாருங்கள். இன்றைக்கே யாராவது கொண்டுவந்திருந்தால் தேநீர் நேரத்தில் நான் பின்வரிசையில் இருப்பேன். என் மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல் கொண்டுவந்திருக்கிறேன்.